சீர்திருத்தக் குழுவில் விரிவுரையாளர்: ஆலோசனைக்கா, அலங்காரத்துக்கா?

மாட்யூல்காரன் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் ஐடிஇயிலும் (தொழில்நுட்பக் கல்விக் கழகம்) பாடம் எடுப்பவர்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள் என்பதால் இந்த இழை.

நான் வேலை பார்க்கும் இடத்தில் (பெயர் வேண்டாம், கேட்காதீர்கள்) பாடத்திட்டத்தை மாற்றியமைக்க ஒரு குழு போட்டார்கள். அதில் என் பெயரும் இருந்தது. முதல் கூட்டத்திலேயே எல்லாம் முடிவாகித் திரையில் ஓடியது. எந்த மாட்யூலை (பாட அலகை) எதோடு சேர்ப்பது, லேப் நேரம் எவ்வளவு குறையும், எந்த செமஸ்டரில் தொடக்கம், எல்லாமே. எங்களுக்கு வைத்த ஒரே கேள்வி, இதை மற்ற ஊழியர்களிடம் எப்படி எடுத்துச் சொல்வது என்பதுதான். பெண் பார்த்து, மண்டபம் பேசி, பத்திரிகையும் அடித்துவிட்டு மாப்பிள்ளையிடம் "உனக்குச் சம்மதம்தானே தம்பி?" என்று கேட்பதுபோல் இருந்தது.

கூட்டம் முடிந்ததும் ஓர் இணையப் படிவம் வந்தது. 'மிகவும் ஏற்கிறேன்' முதல் 'ஏற்கவில்லை' வரை வட்டங்கள். கடைசியில் கருத்து எழுத ஒரு சின்னப் பெட்டி. இரண்டு வரிக்கு மேல் அது வாங்கவில்லை.

இதற்கு நடுவில் அமெரிக்க கம்யூனிட்டி காலேஜ்கள் பற்றி வாசித்துக்கொண்டிருக்கிறேன். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: இரண்டு ஆண்டுப் படிப்பு, குறைந்த கட்டணம், பெரும்பாலும் யார் வந்தாலும் சேர்த்துக்கொள்ளும் கல்லூரிகள். முதல் அரசுக் கல்லூரி இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட்டில் 1901இல் தொடங்கியது. இன்று அரசுக் கல்லூரிகள் மட்டும் ஏறத்தாழ 1,000. நம் ஐடிஇ, பலதுறைத் தொழிற்கல்லூரி, வேலை பார்ப்பவர்களுக்கான ஸ்கில்ஸ்ஃபியூச்சர் மாலை வகுப்பு மூன்றும் செய்கிற வேலையை அங்கே ஒரே கட்டடம் செய்கிறது. சேருபவர்கள் ஏராளம், முடிப்பவர்கள் குறைவு. கடந்த இருபது வருடங்களாக அங்கே நடக்கும் சீர்திருத்தம் எல்லாம் இதைச் சுற்றித்தான்.

'அச்சீவிங் த டிரீம்' என்ற பெரிய முயற்சி 2004இல் லுமினா அறக்கட்டளையின் பணத்தில் தொடங்கியது. முதலில் சேர்ந்த 26 கல்லூரிகளைப் பற்றி 2011இல் மதிப்பீடு வந்தது. கல்லூரிகள் தரவு சேகரிக்கவும் அலசவும் நன்றாகவே பழகிக்கொண்டன. ஆனால் மாணவர் தேர்ச்சி ஒட்டுமொத்தமாக அவ்வளவாக நகரவில்லை. புதிய திட்டங்கள் பலவும் சிறு எண்ணிக்கையிலான மாணவர்களைத்தான் தொட்டன.

என் கணிப்பு இது. தரவு அலுவலகம் வரைக்கும் வந்தது, வகுப்பறைக்குள் நுழையவில்லை. பாடம் நடத்துகிறவரை முடிவெடுத்த பிறகு கூப்பிட்டால் இப்படித்தான் ஆகும். உங்கள் அனுபவம் என்ன?

உட்லண்ட்ஸ் அக்கா

தம்பி, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் ஆசிரியர் கையில் அதிகாரம் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற முடிவுக்கு அவசரமாகப் போகாதீர்கள். கலிஃபோர்னியாவைப் பாருங்கள்.

அங்கே 116 கம்யூனிட்டி காலேஜ்கள். 1988இல் ஏபி 1725 என்று ஒரு சட்டம் கொண்டுவந்து, நிர்வாகத்தில் ஆசிரியர்களுக்குச் சட்டப்படியே இடம் கொடுத்தார்கள். கல்வி சார்ந்த விஷயங்களை 'பத்தும் ஒன்றும்' என்று பட்டியல் போட்டு, பாடத்திட்டம், பட்ட நிபந்தனை, மதிப்பெண் கொள்கை போன்றவற்றில் ஆசிரியர் பேரவையைக் கலக்காமல் நிர்வாகம் நகர முடியாது என்று விதி. நம் ஊரில் இதைக் கனவுகூடக் காண முடியாது.

சரி, என்ன நடந்தது? நுழைவில் ஒரு வகைப்படுத்தும் தேர்வு. அதில் மதிப்பெண் குறைந்தால் மூன்று, நான்கு படி கீழே உள்ள அடிப்படைக் கணக்கு வகுப்பில் தள்ளிவிடுவார்கள். அந்த வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டும், பட்டத்துக்கோ அது கணக்கில் வராது. அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றிப் பல மாணவர்கள் படிப்பை விட்டார்கள். பேரவை இருந்த காலம் முழுவதும் இதுதான் நடந்தது. கடைசியில் சட்டமன்றம் 2017இல் ஏபி 705 நிறைவேற்றி, உயர்நிலைப் பள்ளி மதிப்பெண்ணைப் பார்த்து நேராகக் கல்லூரித் தரப் பாடத்தில் சேருங்கள் என்று உத்தரவிட வேண்டியதாயிற்று. ஆசிரியர் அமைப்புகளிடமிருந்து எதிர்ப்பும் தயக்கமும் வந்தன. பங்கேற்பு இருந்தும் மாற்றம் வெளியிலிருந்துதான் வந்தது.

கணக்கு டீச்சர்

அக்கா சொன்ன தகவல் சரி. ஆனால் பாதிக் கதைதான்.

ஏபி 705 வானத்திலிருந்து விழவில்லை. அதற்கு ஏழு வருடம் முன்பே, 2010இல், கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களில் ஆங்கிலமும் கணக்கும் எடுத்த இரண்டு ஆசிரியர்கள் 'கலிஃபோர்னியா ஆக்ஸிலரேஷன் ப்ராஜெக்ட்' என்று தொடங்கி, மாநிலம் முழுக்கச் சக ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அடிப்படை வகுப்புகளைச் சுருக்கினால் என்ன ஆகிறது என்று தங்கள் வகுப்பிலேயே செய்து காட்டியவர்கள் அவர்கள். சட்டம் வந்தபோது அதற்கு ஆதாரம் தயாராக இருந்தது இவர்களால்தான். எதிர்த்ததும் ஆசிரியர்கள், வழி காட்டியதும் ஆசிரியர்கள். "ஃபேக்கல்டி" என்று எல்லோரையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் இது தெரியாது.

அந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். மூன்று படி அடிப்படை வகுப்பு. ஒவ்வொன்றிலும் 100க்கு 70 பேர் தேறுகிறார்கள் என்று வைப்போம். ஒரு வகுப்புக்கு 70 விழுக்காடு என்பது மோசமில்லை, அந்த ஆசிரியர் நிம்மதியாகத் தூங்குவார். முதல் படி தாண்டியவர் 70. இரண்டாவது தாண்டியவர் 49. மூன்றாவது தாண்டியவர் 34. தேறியும் அடுத்த வகுப்பில் பதியாமல் போனவர்களை இதில் நான் கழிக்கவே இல்லை. ஒவ்வொரு ஆசிரியரும் தன் வகுப்பை மட்டும் பார்ப்பதால் இந்த 34 யார் கண்ணிலும் படுவதில்லை. படிகளின் எண்ணிக்கையைக் குறைப்பது எந்தத் தனி ஆசிரியரின் வேலையும் இல்லை.

நம் ஐடிஇ 2022இலிருந்து படிப்படியாகக் கொண்டுவரும் மாற்றத்திலும் இதே கணக்கு இருக்கிறது. முன்பு நைட்டெக் என்ற முதல் சான்றிதழுக்கு இரண்டு வருடம், அதற்குப் பிறகு இடம் கிடைத்தால் ஹையர் நைட்டெக் என்ற அடுத்த சான்றிதழுக்கு இரண்டு வருடம். இப்போது மூன்று வருடத்தில் நேரே ஹையர் நைட்டெக். நடுவில் இருந்த ஒரு வாசலை எடுத்துவிட்டார்கள்.

முன்னாள் பட்டறை

ஐடிஇ பேச்சு வந்ததால் நானும் எழுதுகிறேன். ஓய்வு பெற்றுவிட்டேன், ஆகவே பயமில்லை.

1992இல் விஐடிபி என்ற பழைய தொழிற்பயிற்சிக் கழகம் போய் ஐடிஇ வந்த காலம் பலருக்கு நினைவிருக்காது. பள்ளியில் தேறாதவர்கள் போகிற இடம் என்று ஊரே பேசியது. அந்த மூன்று எழுத்தை வைத்து ஒரு மட்டமான ஜோக்கும் உண்டு, இங்கே எழுதப் போவதில்லை. அங்கிருந்து 2007இல் ஹார்வர்ட் கென்னடி பள்ளியின் ஆஷ் நிலையம் அரசாங்கப் புத்தாக்கத்துக்கான ஐபிஎம் விருதைக் கொடுத்தது வரைக்கும் வந்தோம். சிறு சிறு வளாகங்களாகச் சிதறிக் கிடந்தவை மூன்று பெரிய கல்லூரிகளாயின. சீமெயில் கிழக்கு 2005இல், சுவா சூ காங்கில் மேற்கு 2010இல், அங் மோ கியோவில் மத்தியக் கல்லூரி 2013இல்.

இதில் ஓட்டெடுப்பு எங்கே நடந்தது? எங்கும் இல்லை. மேலிருந்து வந்த திட்டம்தான். நடந்ததா? நடந்தது. ஆகவே மேலிருந்து வந்தால் தோற்கும் என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

ஆனால் எப்படி நடந்தது என்று கேளுங்கள். பழைய வளாகத்தில் எங்கள் பட்டறையில் ஆளுக்கொரு அலமாரி. மைக்ரோமீட்டர், டயல் கேஜ், நல்ல டிரில் பிட் எல்லாம் உள்ளே, சாவி சட்டைப்பையில். அடுத்த வகுப்புக்காரர் கேட்டால் மனசுக்குப் பிடித்தால்தான் கிடைக்கும். பெரிய வளாகத்தில் பொதுக் கருவி அறை. கவுண்டரில் பதிவு செய்து வாங்கி, திருப்பிக் கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். அலமாரியை விடுவதுதான் எங்களுக்குப் பெரிய சண்டை, பாடத்திட்டம் இல்லை. அந்தக் கருவி அறை எப்படி இருக்க வேண்டும், எது எந்தத் தட்டில், வகுப்பு தொடங்குவதற்கு எவ்வளவு நேரம் முன்னால் திறக்க வேண்டும் என்பதை எங்களிடம் விட்டார்கள். இரண்டு மூத்தவர்கள் உட்கார்ந்து வரைந்தார்கள். அதற்கப்புறம் முனகல் குறைந்தது.

'திட்டமிடு, ஆராய், பயிற்சி செய், செய்துகாட்டு' என்று ஒரு கற்பித்தல் முறை ஐடிஇயில் உண்டு. அதை மேலிருந்து சொன்னார்கள். ஒரு லேத் வகுப்பில் 'ஆராய்' என்றால் என்ன என்பதை நாங்கள்தான் கண்டுபிடித்தோம். மாட்யூல்காரன் தம்பி, உங்கள் குழுவில் உங்களிடம் விடப்பட்டது எது என்று முதலில் பாருங்கள். ஒன்றுமே இல்லை என்றால் அது குழுவே இல்லை.

ராத்திரி ஷிஃப்ட்

எல்லோரும் குழுவில் இருப்பதைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் மணிக்கணக்கில் சம்பளம் வாங்குகிற பகுதிநேர ஆள். பகலில் வேறு வேலை, மாலையில் பெரியவர்களுக்கான டிப்ளோமா வகுப்பு. எங்களைப் படிவத்துக்குக்கூட யாரும் கேட்டதில்லை.

ஒரு செமஸ்டர் நடுவில், மதிப்பீட்டு முறை மாறியதை எனக்குச் சொன்னது என் மாணவர். ஐம்பது வயதுக்காரர், கிடங்கு மேற்பார்வையாளர், "சார், குழுத் திட்டப்பணிக்கு இனி தனித்தனி மதிப்பெண் என்று போர்ட்டலில் போட்டிருக்கிறதே?" என்றார். நான் பழைய மதிப்பெண் அட்டவணையைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தேன். முழுநேர ஊழியர்களுக்கு மின்னஞ்சல் போயிருக்கிறது, அந்தப் பட்டியலில் பகுதிநேரக்காரர்கள் இல்லை. (எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள், அடுத்த செமஸ்டரும் வகுப்பு வேண்டும்.)

அமெரிக்க கம்யூனிட்டி காலேஜ்களில் ஆசிரியர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பகுதிநேரக்காரர்கள். நுழைவு நிலைப் பாடங்களில் பெரும்பகுதியை எடுப்பது அவர்கள்தான். சீர்திருத்தம் முதலில் கைவைப்பதும் அந்தப் பாடங்களில்தான். ஆனால் கூட்டத்துக்குப் போனால் சம்பளம் கிடையாது, உட்கார அறை கிடையாது, அடுத்த பருவம் வேலை இருக்குமா என்பதும் தெரியாது. இதில் எங்கே பங்கேற்பது?

பழைய ஹெச்ஆர்

ராத்திரி ஷிஃப்ட் சொன்னதுதான் இந்த இழையிலேயே முக்கியமான விஷயம் என்று நினைக்கிறேன். மின்னஞ்சல் பட்டியலில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பார்த்தாலே அந்த நிறுவனத்தின் பண்பாடு தெரிந்துவிடும்.

எட்கர் ஷைன் என்ற அறிஞர் நிறுவனப் பண்பாட்டை மூன்று அடுக்காகப் பிரித்தார். மேலே கண்ணுக்குத் தெரிபவை: கட்டடம், உடை, சுவரில் மாட்டிய வாசகம். நடுவில், வாயால் சொல்லிக்கொள்ளும் மதிப்புகள். அடியில், யாரும் சொல்லாமலே எல்லோரும் நம்புகிற அனுமானங்கள். சுவரில் "உங்கள் குரல் எங்களுக்கு முக்கியம்" என்று இருக்கும். அடியில் "இயக்குநர் முன்னால் மறுத்துப் பேசினால் வருடக் கடைசி மதிப்பீட்டில் தெரியும்" என்று இருக்கும். எது ஜெயிக்கும் என்று சொல்லவும் வேண்டுமா? நான் பல வருடம் மதிப்பீட்டுக் கூட்டங்களில் உட்கார்ந்தவன். ஒருவர் டவுன்ஹாலில் (ஊழியர் எல்லோரும் கூடும் கூட்டத்தில்) கேள்வி கேட்டதற்காக நேரடியாக மதிப்பெண் குறைத்ததை நான் பார்த்ததில்லை. ஆனால் "கொஞ்சம் ஒத்துழைப்புக் குறைவு" என்ற ஒரு வரி மெல்ல உள்ளே வருவதைப் பார்த்திருக்கிறேன். ஊழியர்களுக்கும் அது தெரியும்.

நிறுவனங்களை ஆராய்ந்த கார்ல் வைக் 1976இல் எழுதிய ஒரு கட்டுரையில், கல்வி நிறுவனங்களின் பாகங்கள் ஒன்றோடொன்று தளர்வாகத்தான் கட்டப்பட்டிருக்கின்றன என்றார். மேலே ஒரு திருகைத் திருப்பினால் கீழே அதே அளவு திரும்பாது. கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டுவார்கள். அப்புறம் வகுப்பறைக் கதவை மூடினால் அது அவரவர் ராஜ்ஜியம். போன வருடத்து ஸ்லைடில் தலைப்பை மட்டும் மாற்றி அதே பாடம் நடக்கும். எதிர்ப்பு வெளியே தெரிகிற கலிஃபோர்னியாவைவிட, எல்லோரும் "சரி சரி" என்கிற இடத்தில்தான் சீர்திருத்தம் நடந்ததா இல்லையா என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.

உட்லண்ட்ஸ் அக்கா

ஒரு கேள்வி விடாமல் குடைகிறது. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் 'ஏசாப்' திட்டம். 2007இல் அதன் கம்யூனிட்டி காலேஜ்களில் தொடங்கியது. முழுநேரம் படிக்க வேண்டும், ஆலோசகரை அடிக்கடி சந்திக்க வேண்டும். பதிலுக்குக் கட்டணத்தில் விழும் துண்டை அடைப்பார்கள், மெட்ரோ பயண அட்டை இலவசம், பாடப்புத்தகத்துக்கும் உதவி. சீட்டுக் குலுக்கி இரண்டு பிரிவாகப் பிரித்துச் செய்த ஆய்வில், மூன்று வருடத்தில் பட்டம் முடித்தவர்கள் திட்டத்தில் 40 விழுக்காடு, திட்டத்தில் இல்லாதவர்களில் 22. ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதில் வகுப்பறைப் பாடம் பெரிதாக மாறவில்லை. ஆசிரியர் பங்கேற்பு இல்லாமலே இவ்வளவு முடியும் என்றால், நாம் எதற்காக இவ்வளவு மல்லுக்கட்டுகிறோம்?

மாட்யூல்காரன்

நல்ல கேள்வி அக்கா. நானும் இதில் மாட்டிக்கொண்டேன்.

என் பதில் இப்படி. ஏசாப் மாணவரைச் சுற்றியிருந்த தடைகளை எடுத்தது. பஸ் காசு, கட்டணம், யாரைக் கேட்பது என்ற குழப்பம். அவற்றை எடுக்க ஆசிரியர் தேவையில்லை, பணமும் நல்ல ஆலோசகரும் போதும். அதைச் செய்த பிறகும் 100க்கு 60 பேர் மூன்று வருடத்தில் முடிக்கவில்லையே. மிச்சத் தடை எங்கே இருக்கிறது என்று தேடினால் வகுப்பறைக்குள்தான் போக வேண்டியிருக்கும்.

அதே பல்கலைக்கழகத்தில் இன்னொன்றும் நடந்தது. கம்யூனிட்டி காலேஜிலிருந்து நான்கு வருடக் கல்லூரிக்கு மாறும் மாணவரின் கிரெடிட் (முடித்த பாடங்களுக்கான புள்ளி) வீணாகாமல் இருக்க, 'பாத்வேஸ்' என்ற பொதுப் பாடத்திட்டத்தை 2013இல் கொண்டுவந்தார்கள். நோக்கம் நல்ல நோக்கம். ஆனால் பாடம் என்னவாக இருக்க வேண்டும் என்பதில் தங்கள் உரிமையைப் பறித்துவிட்டார்கள் என்று ஆசிரியர்கள் கொதித்தார்கள். தொழிற்சங்கம் வழக்குப் போட்டது, நம்பிக்கையில்லா வாக்கெடுப்பு நடத்தியது, வாக்களித்தவர்களில் மிகப் பெரும்பான்மையோர் எதிர்த்தார்கள். திட்டம் எப்படியோ அமலுக்கு வந்தது. ஒரே பல்கலைக்கழகம்தான். ஆசிரியரின் எல்லைக்கு வெளியே செய்தது சத்தமில்லாமல் ஓடியது. எல்லைக்குள் கை வைத்தபோது நீதிமன்றம் வரை போனது.

என் குழுவும் எல்லைக்குள் இருக்கிற வேலை. மாட்யூலை இணைப்பது, லேப் நேரத்தைக் குறைப்பது. அதனால்தான் என்னை முதலிலேயே கூப்பிட்டிருக்க வேண்டும் என்கிறேன்.

கணக்கு டீச்சர்

முதலிலேயே என்றால் எப்போது? தீர்வு எழுதும்போதா, சிக்கல் என்னவென்று எழுதும்போதா? எனக்கு இரண்டாவதுதான் முக்கியமாகப் படுகிறது. உங்கள் லேப் நேரத்தைக் குறைக்கச் சொன்னவர்கள் எந்தச் சிக்கலைத் தீர்க்கப் பார்க்கிறார்கள் என்று திரையில் எங்காவது இருந்ததா?

மாட்யூல்காரன்

"கற்றல் நெகிழ்வை மேம்படுத்துதல்" என்று ஒரு வரி இருந்தது.

பழைய ஹெச்ஆர்

அப்படியென்றால் அறை பற்றாக்குறை. என் அனுபவத்தில் அந்த வரிக்கு அடியில் முக்கால்வாசி நேரம் அதுதான் இருக்கும். 😄

முன்னாள் பட்டறை

சிரிக்காதீர்கள், அதுவும் நியாயமான சிக்கல்தான். அறை பற்றவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் விரிவுரையாளர்களே அட்டவணையை மாற்றிப் போட்டு இரண்டு வழி சொல்லியிருப்பார்கள். எங்கள் காலத்தில் லேத் பற்றவில்லை என்றபோது வகுப்பை இரண்டாக உடைத்து, பாதிப் பேர் வரைபடம், பாதிப் பேர் இயந்திரம் என்று நாங்களே போட்டுக்கொண்டோம். கற்றல் நெகிழ்வு என்றெல்லாம் யாரும் பெயர் வைக்கவில்லை.

தம்பி, அடுத்த கூட்டத்தில் லேப் நேரத்தைப் பற்றிச் சண்டை போடாதீர்கள். மாணவர் எந்த மாட்யூலில், எந்த வாரத்தில் விழுகிறார்கள் என்ற எண்ணைக் கேளுங்கள். அப்புறம் புதுப் பாடம் எழுதும் நேரத்தைப் பணிச்சுமைக் கணக்கில் எத்தனை மணி நேரமாகக் காட்டப் போகிறார்கள் என்று கேளுங்கள். பூஜ்யம் என்று பதில் வந்தால் பழைய ஸ்லைடுதான் ஓடும், பழைய ஹெச்ஆர் சொன்ன மாதிரி.

மாட்யூல்காரன்

பணிச்சுமைக் கேள்வியைக் குழுத் தலைவருக்கு இன்றே எழுதிவிட்டேன். எழுத்தில் இருந்தால் நிகழ்ச்சி நிரலில் போட்டுத்தான் ஆக வேண்டும். மாட்யூல் வாரியான தேர்ச்சி எண்ணைத் துறை அலுவலகத்திலேயே கேட்டேன், தருகிறேன் என்றார்கள்.

இன்னொன்று. ராத்திரி ஷிஃப்ட், நாங்கள் இணைக்கப் போகும் மாட்யூல்களில் ஒன்றை மாலையில் முழுக்க முழுக்கப் பகுதிநேரக்காரர்கள்தான் எடுக்கிறார்கள். அவர்களில் ஒருவரை அடுத்த கூட்டத்துக்கு அழைக்கலாம் என்று யோசிக்கிறேன். கூப்பிட்டால் வருவார்களா?

ராத்திரி ஷிஃப்ட்

பிற்பகல் மூன்று மணிக்கு வைத்தால் யாரும் வர மாட்டோம், எல்லோருக்கும் பகல் வேலை இருக்கிறது. மாலை ஆறரைக்கு, வகுப்புக்கு முன்னால் வையுங்கள், ஜூமில் என்றாலும் சரி. அந்த ஒரு மணி நேரத்தைக் கிளெய்ம் படிவத்தில் எந்தக் குறியீட்டில் போடுவது என்றும் நிதிப் பிரிவில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். எங்கள் படிவத்தில் 'விரிவுரை', 'டுட்டோரியல்', 'விடைத்தாள் திருத்தம்' மூன்றுதான் இருக்கின்றன.